முதல் தேர்தலும் கட்சிகளின் பிறப்பும்

மொழியியல் பயின்றவருக்குத் தேர்தலைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று அவையோர் கேட்கலாம். தேர்தல் சொற்களால் நடைபெறுகிறது என்பதே அதற்கு விடை. ‘வாக்களித்தல்’ என்னும் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு உறுதிமொழி தருவதும் வாக்களித்தல். தேர்தலில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதும் வாக்களித்தல். அங்கேரியர் வாக்கைக் குறிக்க வழங்கும் ‘சவஸாத்’ என்ற சொல்லும், ‘சொல்’ என்று பொருள்படும் அடியிலிருந்து பிறந்ததே. போலந்து மொழியில் குரலுக்கும் வாக்குக்கும் ஒரே சொல்தான். மலாய் மொழியின் ‘உண்டி’ வேறு வழியில் வந்தது. அதன் பழைய பொருள் சீட்டுக் குலுக்கல். சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்ததே ஆகும்.

இவ்வுரைக்கு அடிப்படையாக அமைவது ‘கட்சி’ என்னும் சொல். பழந்தமிழில் கட்சி என்பது விலங்கும் பறவையும் ஒதுங்கித் தங்கும் புகலிடம். பிற்காலத் தமிழில் அது தரப்பு. வழக்கறிஞர் தம்மை அமர்த்தியவரைக் ‘கட்சிக்காரர்’ என்பது இப்பொருளில்தான். இவை வேர் வேறாகிய இரு சொற்கள், எழுத்தளவில் ஒன்றாகிவிட்டன. ஆயினும் அரசியற் கட்சிகளின் வரலாற்றைப் படிக்கும்போது இரு பொருளும் நமக்குப் பயன்படுகின்றன. சில கட்சிகள் கொள்கைத் தரப்பாகப் பிறக்கின்றன. சில, நிச்சயமற்ற வாழ்வில் நிற்கும் மக்களுக்குப் புகலிடமாகப் பிறக்கின்றன. எது எப்போது நேர்கிறது, ஏன் நேர்கிறது என்பதை அறிய, 1989க்குப் பிந்தைய கிழக்கு ஐரோப்பாவையும் 1948 முதல் 1959 வரையிலான மலாயாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம்.

இரு நிலங்களுக்கும் வேறுபாடு பெரிது. அங்கே பொதுவுடைமைக் கட்சி நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆட்சியில் இருந்தது. இங்கே அது ஒருநாளும் ஆட்சிக்கு வந்ததில்லை; தடை செய்யப்பட்டுக் காட்டில் இருந்தது. எனினும் இரண்டு இடங்களிலும் ஒரே வினாவைக் கேட்கலாம்: முதல் தேர்தல் நடந்த நாளில் மக்களிடையே எந்த அமைப்புகள் உயிரோடு இருந்தன? கட்சிகளின் பிற்கால வடிவத்தை இவ்வினாவுக்கான விடையே பெரிதும் முடிவு செய்கிறது.

கட்சி என்ற பெயரை வெறுத்த கட்சிகள்

போலந்தில் 1989ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அரசுக்கும் ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கத்துக்கும் இடையே வட்டமேசைப் பேச்சு நடைபெற்றது. அதன் பயனாக ஜூன் 4ஆம் நாள் தேர்தல் வந்தது. கீழவையின் 460 இடங்களில் 161 மட்டுமே திறந்த போட்டிக்கு விடப்பட்டன. அவை அனைத்தையும் சாலிடாரிட்டி வென்றது. மேலவையின் 100 இடங்களில் 99 அதற்குக் கிடைத்தன. முன்பின் அறியாத வேட்பாளர்களை வாக்காளர் எவ்வாறு அடையாளம் கண்டனர்? வேட்பாளர்கள் தொழிற்சங்கத் தலைவர் லேக் வலேசாவுடன் நின்று எடுத்துக்கொண்ட படம் சுவரொட்டிகளில் இருந்தது. கொள்கை அறிக்கையைவிட அந்தப் படமே அன்று போதுமானதாயிற்று.

அக்காலத்தில் எழுந்த இயக்கங்களின் பெயர்களை நோக்குக: போலந்தில் சாலிடாரிட்டி என்றால் ஒருமைப்பாடு; செக் நிலத்தில் குடிமக்கள் மன்றம்; அங்கேரியில் சனநாயக மன்றம்; லித்துவேனியாவில் ‘சாயூதிஸ்’, அதாவது இயக்கம்; ருமேனியாவில் தேசிய மீட்பு முன்னணி. இவற்றுள் எதுவும் தன்னைக் கட்சி என்று அழைத்துக்கொள்ளவில்லை. நாற்பதாண்டுகளாகக் ‘கட்சி’ என்றால் ஆளும் கட்சி ஒன்றே என்றிருந்த மக்களுக்கு அச்சொல் கசந்துவிட்டது. கட்சிகள் கட்சிக்காரர்களுக்கு, மன்றமோ அனைவருக்கும் என்பது செக் குடிமக்கள் மன்றத்தின் தேர்தல் முழக்கத்தின் சாரம்.

எல்லோருக்கும் உரியதாக இருந்த இயக்கம், எதிரி மறைந்ததும் நிலைக்கவில்லை. குடிமக்கள் மன்றம் 1990 ஜூன் தேர்தலில் வென்றது, 1991இல் பிளவுபட்டது. போலந்தில் 1990ஆம் ஆண்டின் சட்டப்படி 15 பேர் சேர்ந்தால் ஒரு கட்சியைப் பதிவு செய்யலாம். விளைவாக 1991 அக்டோபர் தேர்தலில் 29 பட்டியல்கள் கீழவைக்குள் நுழைந்தன. எந்தக் கட்சியும் எட்டில் ஒரு பங்கு வாக்கைத் தாண்டவில்லை. பீர் விரும்பிகள் கட்சி என்ற ஒன்று 16 இடங்களைப் பெற்றது. இதைக் கண்டு தேர்தல் விதி திருத்தப்பட்டது. தனிக்கட்சிக்கு 5 விழுக்காடு, கூட்டணிக்கு 8 விழுக்காடு என்று வாக்குகளுக்கு அடித்தள வரம்பு வைக்கப்பட்டது. 1993 தேர்தலில் அவ்வரம்பால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகள் எந்த இடத்தையும் பெற்றுத் தராமல் வீணாயின.

அத்தேர்தலில் முதலிடம் பெற்றவர்கள் யார்? பெயர் மாற்றிக்கொண்ட பழைய பொதுவுடைமையர். 1992இல் லித்துவேனியாவிலும், 1994இல் அங்கேரியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அங்கேரியில் 386 இடங்களில் 209 அவர்களுக்குக் கிடைத்தன. மக்கள் பழைய ஆட்சியை விரும்பினர் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. விலைவாசி உயர்வும் ஆலை மூடலும் மக்களை வாட்டிய காலம் அது. அப்போது ஊர்தோறும் கிளை, அலுவலகம், உறுப்பினர் பட்டியல், நிருவாகப் பயிற்சி ஆகிய அனைத்தும் உடைய ஒரே அமைப்பு அவர்களிடம்தான் இருந்தது. அவர்கள் தேர்தலில் தோற்கக் கற்றார்கள். பின்னர் வெல்லவும் கற்றார்கள். தோற்றவர் அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்து, வென்றவர் மீண்டும் தோற்கும்போது அமைதியாக வெளியேறும்வரை எந்தச் சனநாயகமும் வேரூன்றியதாகச் சொல்ல இயலாது.

தேர்தலுக்கு முன் அழிந்த அமைப்பு

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். சிலாங்கூரின் தோட்டப்புறத் தமிழர் அரசியல் அறியாதவர்களாக இருந்து, கட்சிகள் வந்த பின்னரே விழிப்படைந்தனர் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலை நிறுத்தத்தை அறிந்தவர் அவ்வாறு கூறமாட்டார். கூலி உயர்வு மட்டுமே அன்றைய கோரிக்கையாக இருக்கவில்லை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரை எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் விரைந்து வளர்ந்தன. பல தோட்டங்களின் சங்கங்கள் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தில் இணைந்தன. அதன் தலைமையில் பொதுவுடைமையரின் செல்வாக்கு மிகுந்திருந்தது. தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி தமிழர். 1948இல் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சார்ந்த சங்கங்களே கூட்டமைப்பாகலாம், பொறுப்பாளருக்கு அத்தொழிலில் மூன்றாண்டுப் பயிற்சி வேண்டும் என்ற விதிகளால் சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பாயிற்று. ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைமார் கொல்லப்பட்டனர். அதனையடுத்து நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் 1949 மே 3ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். சுடுகருவி வைத்திருந்த குற்றத்திற்காகக் கணபதி மறுநாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

பொதுவுடைமையரின் ஆயுதப் போராட்டத்தில் தொழிலாளரும் பொதுமக்களும் உயிரிழந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. நாம் கருத வேண்டியது அதன் மற்றொரு விளைவை. ஆயுதம் ஏந்தியவர்களோடு, ஆயுதம் ஏந்தாத தொழிலாளர் அரசியலும் தேர்தல் வருவதற்கு முன்பே களத்திலிருந்து அகன்றது. 1954இல் பி.பி. நாராயணன் பொதுச்செயலாளராக அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகவும் தொழிலாளர் நலனுக்காகவும் பேச்சு நடத்தும் வலிமையான அமைப்பாக வளர்ந்தது. ஆனால் போலந்தின் தொழிற்சங்கம் போல் அது கட்சியாகித் தேர்தலில் நிற்கவில்லை.

அக்காலத்தின் மற்றொரு சுவடு நம் சட்டைப்பையில் உள்ளது. மக்களைக் கொரில்லாக்களிடமிருந்து பிரித்தறிய 1948இல் தொடங்கப்பட்டதே அடையாள அட்டைப் பதிவு. நாம் ‘ஐ.சி.’ என்று சொல்லும் அட்டையின் தொடக்கம் அதுவே.

சங்கங்கள் கட்சிகளான கதை

எஞ்சியிருந்த அமைப்புகள் எவை? 1946இல் தோன்றிய அம்னோ, அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் அமைந்த ம.இ.கா., 1949இல் உருவான ம.சீ.ச. ஆகியவை. இவற்றின் பெயர்களையும் நோக்குக: ஒன்று அமைப்பு, ஒன்று காங்கிரஸ், ஒன்று சங்கம். இங்கும் எதுவும் தன்னைக் கட்சி என்று கூறிக்கொள்ளவில்லை. ஆனால் காரணம் வேறு. ஐரோப்பியர் கட்சி என்ற சொல்லில் கசப்புற்றனர். நம்மவரோ தத்தம் இனத்தின் நலன் காக்கும் சங்கங்களாகத் தொடங்கினர். இன்றும் நம் நாட்டில் அரசியற் கட்சிகள் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ச் சங்கங்களாகவே பதிவு செய்யப்படுகின்றன.

எல்லா இனத்தாரையும் ஒரே கட்சியில் சேர்க்கும் முயற்சி நடக்காமல் இல்லை. டத்தோ ஓன் ஜாபார் 1951இல் மலாயாச் சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார், ம.இ.கா.வும் அதை ஆதரித்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து 12 இடங்களில் 9ஐ வென்றன. புதிய கட்சியிடம் உயர்ந்த நோக்கம் இருந்தது. சங்கங்களிடம் கிளைகளும் உறுப்பினரும் இருந்தனர். 1954இல் ம.இ.கா.வும் கூட்டணியில் சேர்ந்தது.

1955 ஜூலை 27ஆம் நாள் முதல் கூட்டரசுத் தேர்தல். 52 இடங்களில் கூட்டணி 51ஐ வென்றது. எஞ்சிய ஒன்று பாஸ் கட்சிக்கு. பாய்மரக் கப்பல் சின்னத்தைக் கண்டு மக்கள் வாக்களித்தனர். வலேசாவின் படம் போலந்தில் செய்த பணியை இங்கே சின்னம் செய்தது. பதிவு பெற்ற வாக்காளர் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம். அவர்களுள் மலாய்க்காரர் 84 விழுக்காடு, சீனர் 11 விழுக்காடு. இந்தியரும் ஏனையோரும் சேர்ந்து 5 விழுக்காட்டிற்கும் குறைவு. நாட்டு மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்தியராக இருந்தும் நிலை இதுவே. வாக்குரிமைக்குக் குடியுரிமை வேண்டும். பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்தவர் பலரிடம் அதற்குரிய தாள் இல்லை.

இந்தச் சூழலில் தோட்டத் தமிழருக்கு எத்தகைய கட்சி தேவைப்பட்டது? கூலி, நிலம், வரி குறித்து வாதிடும் தரப்பைவிட, மனு எழுதித் தரவும் குடியுரிமைக்கு வழிகாட்டவும் அமைச்சரை அணுகவும் கூடிய புகலிடமே முதலில் தேவைப்பட்டது. 1955இல் ம.இ.கா. தலைமையை ஏற்ற வீ.தி. சம்பந்தன் தோட்டப்புறத் தமிழரைக் கட்சிக்குள் திரட்டினார். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயங்கிய அமைப்பு தமிழ் பேசும் மக்களின் அமைப்பாயிற்று. 1960இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் துண்டாடலால் வேலை இழக்கும் நிலையிலிருந்தவர்களின் சேமிப்பைக்கொண்டே தோட்டங்களை வாங்கியது. புகலிடமாக அக்கட்சி ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றி மறத்தலாகும். அதே வேளையில், புகலிடத்தில் இருப்பவர் அதன் தலைமையை வினவத் தயங்குவர் என்பதையும் சொல்ல வேண்டும். தரப்புக்கு வாதம் வேண்டும். புகலிடத்துக்கு நம்பிக்கை போதும். வினாவில்லாத நம்பிக்கை நாளடைவில் தலைவரையும் தொண்டரையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது.

1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் பாலிங் நகரில் துங்கு அப்துல் ரகுமான் முதலியோர் சின் பெங்கைச் சந்தித்தனர். தம் கட்சியைச் சட்டப்படியான கட்சியாக ஏற்க வேண்டும் என்று சின் பெங் கேட்டார், அது மறுக்கப்பட்டது, பேச்சு முறிந்தது. ஐரோப்பாவில் பழைய பொதுவுடைமையர் தேர்தலுக்குள் வந்து மாறினர். இங்கே அவர்கள் தேர்தலுக்கு வெளியிலேயே நின்றனர். ஆயுதங்களைக் கைவிடும் உடன்பாடு ஹாட்யாய் நகரில் 1989 டிசம்பர் 2ஆம் நாள் கையெழுத்தாயிற்று. போலந்து தேர்தல் நடந்ததும் அதே ஆண்டில்தான்.

இடதுசாரிக் குரல் முற்றும் அடங்கிவிடவில்லை. 1959 தேர்தலில் கூட்டணி 104 இடங்களில் 74ஐப் பெற்றது. சோசலிச முன்னணி 8 இடங்களை வென்றது. அவர்களுள் தொழிற்சங்கவாதி வி. டேவிட் ஒருவர். எனினும் அடுத்த பத்தாண்டுகளில் அந்தக் குரலும் மெலிந்தது.

சுங்கை சிப்புட்டும் ஈஜோக்கும்

முதல் தேர்தல் தந்த வடிவம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்குச் சுங்கை சிப்புட் தொகுதி சான்று. 1959 முதல் 1974 வரை சம்பந்தனும், பின்னர் 2008 வரை ச. சாமிவேலுவும் அங்கிருந்து நாடாளுமன்றம் சென்றனர். 2008 மார்ச் 8ஆம் நாள் மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ் அங்கு வென்றார். அவசரகாலத்தின் முதற்பொறி எழுந்த அதே வட்டாரத்தில், அறுபதாண்டுகளுக்குப் பின், ஒரு சோசலிசவாதி வாக்குச்சீட்டின் வழியே வந்தார். அவர் மற்றொரு கட்சியின் சின்னத்தில் நிற்க நேர்ந்தது. 1998இல் பதிவுக்கு விண்ணப்பித்த அவர் கட்சிக்கு 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் பதிவு கிடைத்தது. போலந்தில் கட்சி தொடங்கப் பதினைந்து கையொப்பம்; இங்கே பத்தாண்டுக் காத்திருப்பு. முன்னது சிதறலைத் தந்தது. பின்னது தேக்கத்தைத் தந்தது.

நமக்கு அருகில் உள்ள ஈஜோக் சட்டமன்றத் தொகுதியைப் பார்ப்போம். 2007 ஏப்ரல் 28ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் ம.இ.கா. வேட்பாளர் 1,850 வாக்கு வேறுபாட்டில் டான் ஸ்ரீ காலிட் இப்ராகிமை வென்றார். ஓராண்டு முடியுமுன், 2008 பொதுத்தேர்தலில் அதே காலிட் அதே தொகுதியில் வென்று சிலாங்கூர் மந்திரி பெசாரானார். இடையில் 2007 நவம்பர் 25ஆம் நாள் இண்ட்ராப் பேரணி நடந்திருந்தது. கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் 2013இல் வெற்றி வேறுபாடு 460 வாக்குகள். 2022இல் 1,002 வாக்குகள். ஜெராம், சுங்கை செம்பிலாங், புக்கிட் ரோத்தான் பகுதிகளில் சில லயன்களிலும் தாமான்களிலும் வாழ்வோரின் வாக்கே இந்த அளவுக்கு ஈடாகும்.

இன்றைய நிலை

2019இல் நிறைவேறி 2021 டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தத்தால், 18 வயது நிறைந்தவர் தாமாகவே வாக்காளராகின்றனர். 2018இல் ஒரு கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022இல் இரண்டு கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. மக்களை ஐயுற்று வழங்கப்பட்ட அட்டையே இன்று மக்களின் வாக்குரிமைக்கு வழியாகிவிட்டது.

வாக்கு பெருகியது, அமைப்போ மெலிந்து வருகிறது. பால்மரம் செம்பனையாயிற்று, தோட்டம் தாமானாயிற்று. ஒரே லயனில் வாழ்ந்து ஒரே சங்கத்தில் சந்தா கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஷா ஆலமிலும் கிள்ளானிலும் அடுக்ககங்களில் தனித்தனியே வாழ்கின்றனர். போலந்தில் முழுச் சுதந்திரத்துடன் நடந்த முதல் தேர்தல் 1990 மே மாதத்து உள்ளாட்சித் தேர்தல். சாலையும் சாக்கடையும் பற்றிய வாதத்திலிருந்து மக்கள் தேர்தலைக் கற்றனர். நம் நாட்டில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை நீக்கியது. எனவே இளைஞர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நேராகப் பெருங்கடலில் இறங்குகின்றனர்.

அந்தப் பயிற்சிக்கு இடம் இல்லாமல் போகவில்லை. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், ஆலய நிருவாகக் குழு ஆகிய ஒவ்வொன்றும் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்துகிறது. அங்கே கணக்கு வாசிக்கப்படுகிறது. ஒருவர் முன்மொழிகிறார், ஒருவர் வழிமொழிகிறார். போட்டியின்றித் தேர்வு என்று கைதட்டிக் கலையும் வழக்கமே பல இடங்களில் உண்டு. ஆசிரியர்கள் உயர்வகுப்பு மாணவரை அத்தகைய கூட்டங்களுக்கு அழைத்துச் செல்லலாம். கணக்கறிக்கையைப் படிக்கவும் ஒரு வினாவையேனும் தமிழில் எழுந்து கேட்கவும் பழக்கலாம். பள்ளிக் கழகத் தேர்தலில் தோற்ற மாணவருக்கும் ஒரு பொறுப்பை அளித்து, அடுத்த ஆண்டு மீண்டும் நிற்குமாறு ஊக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் நீல அடையாள அட்டை பெற்றவர் யார், எந்த ஆண்டில் பெற்றார், எந்தத் தேர்தலில் முதலில் வாக்களித்தார் என்று மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். சிவப்பு அட்டையுடனே வாழ்நாளைக் கழித்தவர் இருந்தால் அவர் கதையையும் எழுதுங்கள். நம் வட்டாரத் தேர்தல் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பகுதி அதுவே. அதை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.